கோட்ஃப்ரீட் செம்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைக் காட்டும் படங்களில் வளைந்த முகப்போடு ஓர் ஓபரா அரங்கு அநேகமாகக் கண்ணில் படும். ஊர்க்காரர்கள் அதைச் ‘செம்பர் ஓபரா’ என்றுதான் சொல்வார்கள். கட்டடங்களுக்கு மன்னர் பெயர் வைப்பார்கள், பணம் கொடுத்தவர் பெயர் வைப்பார்கள். வரைந்து கட்டியவரின் பெயரே நிலைத்துப்போவது அபூர்வம். அந்த மனிதரைப் பற்றிக் கட்டடக்கலை மாணவர்களும், ஐரோப்பா போய்வந்தவர்களும், இசை ரசிகர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

செம்பர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் கட்டடக் கலைஞர், பேராசிரியர், எழுத்தாளர். 1803 நவம்பர் 29 அன்று ஹாம்பர்க் வட்டாரத்தில் பிறந்து, 1879 மே 15 அன்று ரோமில் இறந்தார். டிரெஸ்டன், லண்டன், சூரிக், வியன்னா ஆகிய நான்கு ஊர்களில் பணியாற்றினார். டிரெஸ்டனை விட்டு அவர் போனது கைது ஆணைக்குத் தப்பித்து. அந்தக் கதை கீழே வருகிறது.

அப்பா கம்பளித் தொழில் நடத்திய வசதியான மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலும் நெசவும் இவருடைய சிந்தனையில் பிறகு எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தன என்று பார்க்கும்போது இது உதவும்.

படித்தது கட்டடக்கலையா?

நேராக அதற்கு வரவில்லை. 1823இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். அப்புறம் மியூனிக்கில் கொஞ்ச காலம் கட்டடக்கலை. பிறகு ஒருவரோடு நேருக்கு நேர் சண்டையில் இறங்கி, 1826இல் பாரிசுக்குப் போனார். அங்கே ஃபிரான்ஸ் கிறிஸ்டியன் கௌ என்ற ஜெர்மன்காரரின் பயிற்சிக்கூடத்தில்தான் உண்மையான படிப்பு நடந்தது. அதே கௌ பின்னாளில் பரிந்துரை செய்ததால் 1834இல் டிரெஸ்டன் கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு முப்பது வயது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு கட்டடம்கூட எழுப்பியிருக்கவில்லை.

பிறகு எதை நம்பி அந்தப் பதவியைக் கொடுத்தார்கள்?

ஒரு சின்னப் புத்தகமும் அதற்குப் பின்னால் இருந்த பயணமும் அதற்கு உதவின. 1830 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இத்தாலியையும் கிரீஸையும் சுற்றினார். பிரெஞ்சுக் கலைஞர் ஜூல் கூரியோடு சேர்ந்து கிரேக்கக் கோயில்களை அளந்தார். அந்தக் காலத்துப் படித்தவர்கள் மனதில் கிரேக்கம் என்றால் வெள்ளைப் பளிங்கு. நிறமே இல்லாத அந்த வெள்ளையைத்தான் அழகின் உச்சம் என்று பாடம் நடத்தினார்கள். செம்பர் ஏதென்சில் கோயில் கற்களின் இடுக்குகளை உற்றுப் பார்த்தார். மழையும் வெயிலும் எட்டாத மூலைகளில் பழைய வண்ணத்தின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ரோமில் டிராஜன் தூணிலும் வண்ணத் தடயம் தேடினார்.

ஊர் திரும்பியதும் 1834இல், பழங்காலத்தார் கட்டடங்களுக்கும் சிலைகளுக்கும் வண்ணம் பூசினார்கள் என்று எழுதி வெளியிட்டார். பெரிய சண்டை கிளம்பியது. வண்ணம் இருந்திருக்கலாம், ஆனால் ஓரங்களில் கொஞ்சம்தான் என்று ஃபிரான்ஸ் குக்லர் என்ற கலை வரலாற்றாளர் மறுத்து எழுதினார். எவ்வளவு பரப்பில், எந்த அடர்த்தியில் என்ற விவாதம் நீண்டாலும், கிரேக்கர்கள் வண்ணம் பூசினார்கள் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

‘நவ மறுமலர்ச்சிப் பாணி’ என்றால் என்ன? பழையதை நகலெடுப்பதுதானே?

15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் மறுமலர்ச்சிக் கட்டட மொழியை எடுத்துப் புதிய தேவைகளுக்குப் பயன்படுத்துவதுதான் அந்தப் பாணி. அரைவட்ட வளைவுகள், அடுக்கடுக்காகத் தூண்கள், தரைத்தளத்தில் முரட்டுக் கல், மேலே போகப் போக மெல்லிய வேலைப்பாடு.

19ஆம் நூற்றாண்டில் ரயில் நிலையம், அருங்காட்சியகம், பொறியியல் கல்லூரி என்று முன்பு இல்லாத கட்டட வகைகள் வந்துகொண்டே இருந்தன. எந்தப் பாணியில் கட்டுவது என்று ஜெர்மன் நாடுகளில் பெரிய விவாதம் நடந்தது. ஒரு கூட்டம் கூரான வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் கொண்ட இடைக்காலக் கோதிக் பாணியே ஜெர்மானிய மண்ணுக்கும் மதத்துக்கும் உரியது என்றது. செம்பருக்குக் கோதிக் பிடிக்காது. அதில் மதகுருக்களின் ஆதிக்கம் அவருக்குத் தெரிந்தது. மறுமலர்ச்சிப் பாணியில் வணிகர்களும் அறிஞர்களும் குடிமக்களும் வாழ்ந்த நகரம் தெரிந்தது.

அதற்கு ஒரு விலையும் கொடுத்தார். 1842 மே மாதம் ஹாம்பர்க்கில் பெருந்தீ பரவி நகரத்தின் நடுப்பகுதியை அழித்தது. எரிந்துபோன புனித நிக்கோலஸ் தேவாலயத்தைத் திரும்பக் கட்ட நடந்த போட்டியில் நடுவர்கள் செம்பரின் வரைவைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். பிறகு கோதிக் ஆதரவாளர்களின் பேச்சு எடுபட்டு, வேலை ஆங்கிலேயர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டுக்குப் போனது. பிறந்த ஊரில் கிடைத்திருக்க வேண்டிய மிகப் பெரிய வேலை அப்படிக் கைநழுவியது.

நகலா என்றால், என் பதில் இல்லை என்பதுதான். டிரெஸ்டனில் 1841இல் திறந்த அவருடைய முதல் அரங்கைப் பாருங்கள். அதற்கு முன் பெரும்பாலும் அரங்குகளை ஒரு செவ்வகப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் கோயில் மாதிரித் தூண் வரிசை நிறுத்துவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. செம்பர் பார்வையாளர்கள் வளைந்து உட்காருகிற அதே வளைவை வெளிச்சுவராக்கினார். சதுக்கத்தில் நின்று பார்த்தாலே உள்ளே கூட்டம் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று புரியும். இந்த யோசனையை எந்த இத்தாலிய அரண்மனையிலிருந்தும் பெயர்த்துக்கொண்டுவர முடியாது.

டிரெஸ்டனில் வேறு என்ன கட்டினார்?

ஸ்விங்கர் அரண்மனையின் எல்பே ஆற்றுப் பக்கம் நூறாண்டுக்கும் மேலாகத் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கத்தை மூடி நீளமான ஓவியக்கூடம் ஒன்றை வடிவமைத்தார். 1847இல் வேலை தொடங்கி 1855இல் முடிந்தது. ரஃபேல் வரைந்த சிஸ்டைன் மடோனா இன்றும் அங்கேதான் இருக்கிறது. கடைசி ஆறு ஆண்டு வேலையைச் செம்பர் பார்க்கவில்லை. அவர் நாட்டிலேயே இல்லை.

1840இல் திறந்த யூதர்களின் தொழுகைக்கூடம் இன்னொன்று. வெளியே கனத்த ரோமானிய வளைவுப் பாணி, உள்ளே ஸ்பெயின் முஸ்லிம்களின் மூரிஷ் பாணியில் வண்ண வேலைப்பாடு. இந்த இரட்டைத் தோற்றம் பிறகு ஐரோப்பாவில் பல தொழுகைக்கூடங்களுக்கு வழிகாட்டியது. 1938 நவம்பரில் யூதர்களின் வழிபாட்டிடங்களை நாஜிகள் எரித்த இரவில் இதுவும் எரிந்தது. ஆல்ஃபிரட் நாய்கேபாவர் என்ற தீயணைப்பு வீரர் கூரையில் இருந்த தாவீது நட்சத்திரம் ஒன்றைக் காப்பாற்றி, போர் முடியும்வரை ஒளித்துவைத்து, பிறகு யூதச் சமூகத்திடம் ஒப்படைத்தார். அந்தக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான காரியம். அதே இடத்தில் 2001இல் திறந்த புதிய தொழுகைக்கூடத்தின் வாசலுக்கு மேலே அந்த நட்சத்திரம் இருக்கிறது.

அவர் புரட்சியில் கலந்துகொண்டார் என்பது உண்மையா?

உண்மை. 1849 மே மாதம், அரசியலமைப்பை ஏற்க மறுத்த சாக்சனி மன்னருக்கு எதிராக டிரெஸ்டன் மக்கள் தெருவில் இறங்கினார்கள். செம்பர் நகரக் காவல்படையில் இருந்தவர், குடியரசுக் கொள்கைக்காரர். தெருக்களில் தடுப்புகள் எழுந்தன. வில்ஸ்ட்ரூஃபர் தெருவில் இருந்த தடுப்பு ஒழுங்காகக் கட்டப்படவில்லை என்று செம்பர் பதறிப்போய் வந்து சொன்னதாக, அப்போது அரசவை இசை இயக்குநராக இருந்த ரிச்சர்ட் வாக்னர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு செம்பரே முன்னின்று அதைச் சரியாகக் கட்டவைத்தார். நாற்காலியும் கட்டிலும் குவித்த குப்பையாக இல்லாமல், அது நிஜமான அரண்போல நின்றது.

பிரஷ்யப் படை வந்து சில நாளில் எல்லாவற்றையும் அடக்கியது. செம்பருக்குக் கைது ஆணை பிறந்தது. மனைவி பெர்தாவையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தப்பினார். பதினைந்து ஆண்டு பேராசிரியர் வேலை, பாதியில் நின்ற ஓவியக்கூடம், வீடு எல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று. அந்தக் கைது ஆணையைச் சாக்சனி அரசு 1863 வரை விலக்கவில்லை.

லண்டனில் என்ன செய்தார்?

அமெரிக்காவுக்குப் போவதாகத்தான் இருந்தார். 1850இல் லே ஆவ்ர் துறைமுகத்தில் நியூயார்க் கப்பலில் ஏறியபின், லண்டனில் வேலை கிடைக்கும் என்று ஒரு கடிதம் வந்தது. இறங்கிவிட்டார். அந்த வேலை கைகூடவில்லை. ஆனால் 1851 உலகக் கண்காட்சி கைகொடுத்தது. கண்ணாடி மாளிகைக்குள் கனடா, துருக்கி, ஸ்வீடன், டென்மார்க் ஆகியவற்றின் காட்சிப் பகுதிகளை அமைத்துக் கொடுத்தார். 1852இல் ஹென்றி கோல் நடத்திய அரசு வடிவமைப்புப் பள்ளியில் உலோக வேலை கற்றுக்கொடுக்கச் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் வெல்லிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலத்துக்காகப் பன்னிரண்டு குதிரைகள் இழுத்த வெண்கலத் தேரின் வடிவமைப்பிலும் அவர் கை இருந்தது.

கட்டடம் ஒன்றும் கட்டவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் செழிப்பான சிந்தனைக் காலம் இதுதான் என்பேன்.

‘சுவர் என்பது உடை’ என்று அவர் சொன்னாராமே, அதற்கு என்ன பொருள்?

இதுதான் செம்பரின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1851இல் வெளிவந்த அவருடைய சிறுநூல் கட்டடத்துக்கு நான்கு அடிப்படைக் கூறுகள் உண்டு என்கிறது. முதலாவது அடுப்பு. நெருப்பைச் சுற்றித்தான் மனிதர்கள் முதலில் கூடினார்கள். அந்த நெருப்பைக் காக்க மூன்று வேண்டும்: ஈரம் ஏறாமல் மேடு, மழைக்குக் கூரை, காற்றுக்கும் கண்ணுக்கும் மறைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைத்தொழில். அடுப்பிலிருந்து மண்பாண்டமும் உலோக வேலையும், மேட்டிலிருந்து கல் வேலை, கூரையிலிருந்து தச்சு, மறைப்பிலிருந்து நெசவு.

அப்படியானால் சுவர் பிறந்தது கொத்தனார் கையில் கிடையாது. கிளைகளைப் பின்னி நிறுத்திய தட்டியும், முடைந்த பாயும், தொங்கவிட்ட துணியும்தான் முதல் சுவர்கள். கூரையைத் தாங்குவது கம்பங்களின் வேலை. சுவரின் வேலை இடத்தை வளைப்பதும் மறைப்பதும். ஜெர்மன் மொழியில் சுவருக்கு ‘வாண்ட்’, ஆடைக்கு ‘கெவாண்ட்’ என்று சொல்வதை அவர் எடுத்துக்காட்டினார். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

இது வெறும் ஊகம் என்று சிலர் நினைத்தபோது, 1851 கண்காட்சியில் ஒரு சாட்சி கிடைத்தது. டிரினிடாட் தீவிலிருந்து வந்த கரீபியக் குடிசை மாதிரி ஒன்று அங்கே இருந்தது. உயர்த்திய தரை, நடுவில் அடுப்பு, மூங்கில் கம்பங்கள் மேல் கூரை, கம்பங்களுக்கு நடுவே தொங்கும் பாய். நான்கும் தனித்தனியாக, ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே இருந்தன.

பொருள் மாறினாலும் பழைய வேலையின் நினைவு போகாது என்பது அடுத்த படி. அசிரிய அரண்மனைகளிலிருந்து தோண்டி எடுத்து லண்டனுக்கு வந்த கற்பலகைகளில், கம்பள வேலைப்பாட்டின் சாயலை அவர் கண்டார். முதலில் சுவரில் துணி தொங்கியது. பிறகு அதே அலங்காரம் கல்லிலும் சுண்ணாம்பிலும் வண்ணப் பூச்சிலும் ஏறியது. கிரேக்கக் கோயிலின் வண்ணம் இப்போது ஏன் அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது என்று புரிகிறதா? அந்த வண்ணப் பூச்சுதான் கல் மேல் போர்த்திய கடைசி, மெல்லிய உடை.

ஆசிரியராக அவர் எப்படி?

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பேசுகிறவர். அவர் காட்டிய ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். எகிப்தியரின் தண்ணீர் வாளியும் கிரேக்கரின் தண்ணீர்க் குடமும். எகிப்திய வாளி கண்ணீர்த்துளி வடிவம். அடி பருத்து மேலே குறுகியிருக்கும். நைல் ஆற்றில் முக்கி எடுத்து, தோளில் காவடிபோலத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதற்கானது அது. கனம் கீழே இருந்தால்தான் தளும்பாது. கிரேக்கக் குடம் அதற்கு நேர்மாறு. ஊற்றிலிருந்து விழும் தண்ணீரைப் பிடிக்க அகன்ற வாய், தலையில் சுமப்பதற்காகத் தோள்பகுதி பருத்து அடி ஒடுங்கியிருக்கும். கனம் மேலே இருந்தால் தலையில் நிறுத்துவது எளிது. ஒரு கோலை விரல்நுனியில் நிறுத்திப் பாருங்கள், கனமான முனை மேலே இருக்கும்போதுதான் நிற்கும் என்றார். ஒரு குடத்தின் வடிவத்தில் ஆறும் ஊற்றும், தோளும் தலையும் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இரண்டு நாட்டுக் கட்டடக்கலையின் குணமும் அங்கே தொடங்குகிறது என்பது அவர் கட்சி.

1852இல் வெளிவந்த இன்னொரு சிறுநூலில், இயந்திரம் எதையும் எந்த வடிவத்திலும் மலிவாகச் செய்துகொடுக்கிற காலத்தில் மக்களின் ரசனையை எப்படி வளர்ப்பது என்று கேட்டார். நெசவு, மண்பாண்டம், மரவேலை, கல்வேலை என்று தொழில் வாரியாகப் பொருட்களைத் திரட்டிப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும், பட்டறையில் வைத்துக் கற்றுத்தர வேண்டும் என்பது அவர் யோசனை. பின்னாளில் ஐரோப்பிய நகரங்களில் எழுந்த கைவினை அருங்காட்சியகங்களில் அந்த எண்ணம் தெரிகிறது.

1855இல் சூரிக்கில் புதிதாகத் திறந்த கூட்டாட்சிப் பொறியியல் கல்லூரி அவரைக் கட்டடக்கலைத் துறைக்குத் தலைவராக்கியது. ஏற்கெனவே சூரிக்கில் தஞ்சம் புகுந்திருந்த வாக்னரும் அதற்காகப் பேசினார். 1860லும் 1863லும் ‘பாணி’ என்ற பெருநூலின் இரண்டு தொகுதிகள் வந்தன. முதல் தொகுதி முழுக்க நெசவுதான்! கட்டடக்கலையை நேரடியாகப் பேச வேண்டிய மூன்றாவது தொகுதி வரவே இல்லை. 1859இல் பெர்தா இறந்துபோனார். அந்த நூலை எழுதிய ஆண்டுகள் வீட்டில் நல்ல ஆண்டுகளாக இல்லை.

சூரிக்கில் பார்க்கவேண்டியது என்ன?

கல்லூரியின் முதன்மைக் கட்டடம். 1858 முதல் 1864 வரை கட்டியது. பலர் நகரத்தைப் பார்த்த முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வடக்குச் சுவரைப் பாருங்கள். அங்கே விலையுயர்ந்த கல் வேலை எதுவும் கிடையாது. ஸ்கிராஃபிட்டோ என்ற கீறல் முறையில் முழுச் சுவரையும் அலங்கரித்திருக்கிறார். முதலில் கருமையான சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் வெளிர்நிறத்தில் மெல்லிய பூச்சு. மேல்பூச்சு காய்வதற்குள் ஆணியால் கீறிச் சுரண்டினால் கீழே உள்ள கருமை கோடாக வெளிப்படும். செலவு குறைவு. காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கை தயங்கக் கூடாது. கலைகளும் அறிவியலும் உருவங்களாக வரிசைகட்டி நிற்கின்றன. சுவருக்கு ஒரு கம்பளம் போர்த்தியதுபோல இருக்கும். அவருடைய கொள்கையைப் படித்துப் புரியாதவர்களுக்கு அந்தச் சுவர் புரியவைத்துவிடும்.

அருகிலேயே 1864இல் முடிந்த அவருடைய வானாய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளை எண்ணும் முறையை வகுத்த ருடால்ஃப் வோல்ஃப் அங்கேதான் வேலை செய்தார். பக்கத்து ஊரான விண்டர்தூரின் நகர மண்டபமும் செம்பர் கட்டியது.

வாக்னருக்காக ஓர் அரங்கு வரைந்தாரா?

வரைந்தார். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் மியூனிக்கில் வாக்னருக்காக ஒரு பெரும் விழா அரங்கு கட்ட நினைத்து, 1860களில் செம்பரை வரையச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அது எழவில்லை. 1876இல் பைராய்ட்டில் திறந்த வாக்னரின் அரங்கில் அந்த வரைவுகளின் யோசனைகள் பயன்பட்டன. செம்பருக்கு அது ஆறாத மனக்குறை. நியாயமான மனக்குறைதான்.

இப்போது இருக்கும் டிரெஸ்டன் ஓபரா அவர் கட்டிய அதே கட்டடமா?

அது மூன்றாவது உயிர். முதல் அரங்கு 1869 செப்டம்பரில், விளக்குகளைப் பழுதுபார்த்த வேலையாட்களின் கவனக்குறைவால் எரிந்தது. திரும்பக் கட்டச் செம்பர்தான் வேண்டும் என்று டிரெஸ்டன் மக்களே கேட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கைது ஆணை போட்ட அதே ஊர்! அவர் வியன்னா வேலையில் இருந்ததால் வரைவுகளை அனுப்ப, மூத்த மகன் மான்ஃப்ரெட் களத்தில் நின்று கட்டினார். 1878இல் திறந்தது. உச்சியில் சிறுத்தைகள் இழுக்கும் தேரில் டயோனிசஸும் அரியாட்னியும். யோஹன்னஸ் ஷில்லிங் செய்த சிற்பம்.

1945 பிப்ரவரி 13 குண்டுவீச்சில் உள்பகுதி எரிந்து, வெளிச்சுவர்கள் எலும்புக்கூடாக நின்றன. கிழக்கு ஜெர்மனி அரசு 1977இல் மறுகட்டுமானத்தைத் தொடங்கியது. பழைய கைவினைகளைத் திரும்பக் கற்கவேண்டி வந்தது. மேல்தளக் கூடங்களில் பளிங்குபோலத் தெரியும் தூண்கள் ஜிப்சமும் பசையும் நிறமியும் சேர்த்து, மாவுபோலப் பிசைந்து, அறுத்து அப்பி, திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றியவை. குண்டுவீச்சின் நாற்பதாவது ஆண்டு நாளான 1985 பிப்ரவரி 13 அன்று இசையமைப்பாளர் வெபரின் ஓபராவோடு அரங்கு திறந்தது.

வியன்னாவில் அவர் பங்கு எவ்வளவு?

ரிங் சாலையில் எதிரெதிரே நிற்கும் கலை வரலாற்று அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், பர்க் அரங்கும் கார்ல் ஃபான் ஹாசனவரோடு சேர்ந்து செய்தவை. அரண்மனையையும் அருங்காட்சியகங்களையும் சாலைக்கு மேலே இணைத்து ஒரே பெரும் சதுக்கமாக்கும் திட்டமும் அவருடையது. அதில் ஒரு பகுதிதான் எழுந்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1876இல் செம்பர் விலகி இத்தாலிக்குப் போய்விட்டார். முடிந்த கட்டடங்களை அவர் பார்க்கவில்லை.

நவீன கட்டடக்கலைக்கு அவர் முன்னோடியா, தடையா?

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. பெரிய நினைவுக் கட்டடங்களுக்கு இரும்பு ஒத்துவராது, மெலிந்துபோய்க் கண்ணுக்கே தெரியாமல் போகும் என்று அவர் நம்பினார். அதில் அவர் தவறினார் என்றே நினைக்கிறேன். ஆனால் வியன்னாவில் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் (இசைக்காரர் வாக்னர் வேறு) அவருடைய கருத்துகளோடு வாதாடித்தான் வளர்ந்தார். இன்னொரு கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1898இல் கட்டடத்தின் மேலுறை பற்றி எழுதியதில் செம்பரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. டச்சுக் கலைஞர் பெர்லாக் சூரிக்கில், செம்பர் உருவாக்கிய துறையில் படித்தவர். இன்று சட்டகம் தாங்க, கண்ணாடியோ உலோகத் தகடோ வெறும் போர்வையாகத் தொங்குகிற கோபுரங்களைப் பாருங்கள். கம்பமும் தொங்கும் பாயும்தான்.

டிரெஸ்டன் ஓபராவுக்குப் போகிறேன். எதைக் கவனிக்கட்டும்?

மேடைக்கு நேர் மேலே பாருங்கள். முள் இல்லாத ஒரு கடிகாரம் இருக்கும். இடது கட்டத்தில் மணி ரோமன் எண்ணில், வலது கட்டத்தில் நிமிடம் ஐந்தைந்தாக மாறும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியவேண்டும் என்று, 1841 அரங்குக்காகக் கடிகாரக் கைவினைஞர் குட்கேஸ் செய்த அமைப்பின் வழி வந்தது. இடைவேளையில் வெளிக்கூடத்துக்குப் போய் அந்தத் தூண்களில் கை வைத்துப் பாருங்கள். பளிங்கின் சில்லிப்பு அவற்றில் இருக்காது.